1605 பால் ஸ்க்ரூ செட்: ஸ்க்ரூ நல்லது, பேரிங் பிளாக்கைப் பிரித்துப் பாருங்கள்

வீட்டிலோ சின்னப் பட்டறையிலோ சொந்தமாக சி.என்.சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் மெஷின்) கட்டுகிறவர்களில் பலரும் வாங்குவது இந்தச் செட்டைத்தான். 16 மி.மீ விட்டம், 5 மி.மீ லீட் (ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம்) உள்ள எஸ்.எஃப்.யூ 1605 பால் ஸ்க்ரூ, உள்ளே பந்துகள் உருள அதன் மேல் ஓடும் நட், நட்டைப் பிடிக்கும் அலுமினிய பிராக்கெட், ஒரு முனைக்கு பி.கே.12 பேரிங் பிளாக், மறுமுனைக்கு பி.எஃப்.12, மோட்டாரோடு சேர்க்க ஒரு கப்ளிங். ஆன்லைனில் தேடினால் இதே பொருள் வேறு வேறு பெயரில் வரும். போன ஆடிக்கு முன்னால் மூன்று அச்சுக்கும் சேர்த்து நான்கு ஸ்க்ரூ வாங்கினேன். ஞாயிறு தவிர தினமும் ஓடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூவும் நட்டும் கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கின்றன. பி.கே.12 பிளாக்கை மட்டும் பிரித்து, உள்ளே என்ன பேரிங் இருக்கிறது என்று பார்த்த பிறகே மெஷினில் ஏற்ற வேண்டும். கூட வந்த கப்ளிங்கை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

எங்கள் பட்டறை கோவை கணபதிப் பக்கம். பூஜை அறைக் கதவுக்கான பேனல், மல்டிவுட்டில் ஜாலி, தேக்கில் கஜலட்சுமி, பெயர்ப்பலகை, இவைதான் வேலை. மெஷின் எம்.எஸ் சதுரக் குழாயில் வெல்டிங் செய்து கட்டியது. வெட்டும் பரப்பு இரண்டடிக்கு மூன்றடி. பிட்டைச் சுழற்ற 1.5 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், அச்சுகளை நகர்த்த, படிப்படியாகச் சுழலும் நீமா 23 ஸ்டெப்பர் மோட்டார், 36 வோல்ட் சப்ளை. ஸ்பிண்டிலைச் சுமக்கும் குறுக்குப் பாலமான கேன்ட்ரியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஸ்க்ரூ. மேசை மேல் வைக்கிற 3018 மாதிரியான சின்ன மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவற்றில் இருப்பது பந்து இல்லாத டி8 லீட் ஸ்க்ரூ, அதன் கதையே வேறு.

முதலில் ஸ்க்ரூ. எண்ணெய்த் தாள் சுற்றி, நட் நகராமல் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டை போட்டு வந்தது. அந்த டையை வெட்டிவிட்டு ஸ்க்ரூவைச் செங்குத்தாகத் தூக்காதீர்கள். நட் தன் எடையிலேயே சுழன்று இறங்கி முனையைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கும் பந்துகள் தரையில் கொட்டிவிடும். பொறுக்கித் திரும்ப அடுக்கலாம்தான், ஆனால் ஒரு மாலைப்பொழுது அதற்கே போய்விடும்.

எங்கள் சந்தின் எதிரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கிரானைட் தளம் உண்டு. நான்கு ஸ்க்ரூவையும் அதில் வைத்து உருட்டிப் பார்த்தோம். மூன்று நேராக ஓடின. நீளமானதில் ஒன்று நடுவில் லேசாகத் துள்ளியது, சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜில் 0.2 மி.மீ காட்டியது. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். விற்றவர் தகராறு செய்யவில்லை, ஆனால் ஒரு மாதம் இழுத்தார். கிரானைட் இல்லாதவர்கள் தடிமனான கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்கலாம், பெரிய வளைவாவது கண்ணில் படும்.

இது அரைத்த ஸ்க்ரூ இல்லை, உருட்டித் திரிக்கப்பட்டது. சி7 கிரேடு என்று போட்டிருக்கும். அதாவது 300 மி.மீ நீளத்துக்கு 0.05 மி.மீ வரை பிழை இருக்கலாம். இரும்பு வேலைக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். மரத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஒரு அடி அகலத் தேக்குப் பலகை ஐப்பசி ஈரத்திலும் சித்திரை வெயிலிலும் ஊதிச் சுருங்குவது இதைவிடப் பல மடங்கு. அதனால் அரைத்த ஸ்க்ரூதான் வேண்டும் என்று பல மடங்கு பணத்தை அங்கே கொட்ட வேண்டாம்.

இப்போது பி.கே.12. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கட்டிய மெஷின்களில் நான் பார்த்த ஆட்டத்தில் பெரும்பங்கு இங்கேதான் ஒளிந்திருந்தது.

மெஷினைக் கட்டி முடித்ததும் எக்ஸ் அச்சில் ஆட்டம் தெரிந்தது. மின்சாரம் கொடுத்து மோட்டார் பிடித்து நிற்கும்போதே, ஸ்பிண்டில் வண்டியைக் கையால் தள்ளினால் டக் டக்கென்று ஒரு சின்னச் சத்தம். எல்லோரும் முதலில் சொல்வது "நட் லூஸ்" என்றுதான். லேத் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நட்டைத் திட்டாதீங்க. மொதல்ல ஸ்க்ரூவே முன்ன பின்ன போகுதான்னு பாருங்க" என்றார்.

அதைப் பார்க்கும் முறை இது. பி.எஃப்.12 பக்கம் ஸ்க்ரூவின் முனையில் லேத்தில் போட்ட சின்ன மையக் குழி இருக்கும். அந்தக் குழியில் துளி கிரீஸ் வைத்து ஒரு பேரிங் பந்தை ஒட்டுங்கள். மேக்னெட் ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, முள் அந்தப் பந்தின் மேல் படும்படி வையுங்கள். முனை சற்றே கோணலாக இருந்தாலும் பந்து அந்தப் பிழையை மறைத்துவிடும். இப்போது வண்டியை இரண்டு பக்கமும் தள்ளினால், ஸ்க்ரூ தன் இடத்தை விட்டு எவ்வளவு நகர்கிறது என்று முள் நேராகச் சொல்லும். எங்களுக்கு 0.12 மி.மீ காட்டியது. அப்புறம் டயலை நட் பிராக்கெட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே மாற்றி வைத்துப் பார்த்தபோது, நட்டின் ஆட்டம் 0.03 மட்டுமே. நட் லூஸ் என்று நினைத்து மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும், சத்தம் போயிருக்காது.

பிளாக்கின் முன்கவரில் நான்கு ஆலன் போல்ட். கழற்றினால் உள்ளே இரண்டு பேரிங். அந்த இடத்தில் இருக்க வேண்டியது ஆங்குலர் கான்டாக்ட் பேரிங், 7001. ஸ்க்ரூவை அதன் நீளவாக்கில் தள்ளும் விசையைத் தாங்குவதற்கென்றே சாய்கோணத்தில் பந்து உட்காரும் வகை அது. எனக்கு வந்த நான்கு பிளாக்கிலும் இருந்தது சாதாரண 6001. மோட்டார்களில் வழக்கமாகப் பார்க்கிற பேரிங். சுழலும் தண்டைத் தாங்க அது நல்ல பேரிங்தான். ஆனால் பந்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இயல்பாகவே ஒரு இடைவெளி வைத்துச் செய்யப்படுகிறது, நீளவாக்கில் தள்ளினால் அந்த இடைவெளி ஆட்டமாக வெளிவரும். விற்பனைப் பக்கத்தில் பேரிங் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதை நான் பெரிய குறையாகவே எண்ணுகிறேன். ஸ்க்ரூவின் கிரேடைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள், அந்த ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தும் பேரிங்கையும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல வேளையாக இரண்டுக்கும் அளவு ஒன்றுதான்: உள்விட்டம் 12, வெளிவிட்டம் 28, அகலம் 8 மி.மீ. பழையதைத் தட்டி எடுத்துவிட்டு 7001 இரண்டை முதுகோடு முதுகாக வைத்து ஏற்றலாம். பேரிங்கின் எந்த முகம் எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையைப் பார்த்தால் ஒரு பக்கத் தள்ளலைத்தான் தாங்கும். பிறகு எம்12 லாக் நட்டை இறுக்கும்போது உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு ஆட்டம் மறைகிறது. எவ்வளவு இறுக்குவது? ஸ்க்ரூவை விரலால் சுழற்றினால் வெண்ணெய் மாதிரி வழவழவென்று, ஆனால் லேசான கனத்தோடு சுற்ற வேண்டும். கரகரவென்றால் அதிகமாகிவிட்டது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் கொஞ்சம் தளர்த்துங்கள். லாக் நட்டில் உள்ள தலையில்லாத குட்டி கிரப் ஸ்க்ரூ நேராக மரையில் அழுந்தி அதைக் கெடுக்கும். அதற்கு முன்னால் ஒரு துண்டு செம்புக் கம்பியை நறுக்கி உள்ளே போட்டுவிட்டு இறுக்கினோம். மாற்றிய பிறகு டயல் 0.01க்கு மேல் ஏறவில்லை. சத்தம் நின்றுவிட்டது.

மறுமுனையில் உள்ள பி.எஃப்.12ஐ இப்படி இறுக்கத் தேவையில்லை, இறுக்கவும் கூடாது. அது ஸ்க்ரூ தொங்காமல் தாங்குவதற்கு மட்டும். ஒரு மீட்டர் எஃகு பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.12 மி.மீ நீளும். அந்த நீட்சிக்கு ஒரு முனை சும்மா விட்டிருக்க வேண்டும்.

டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு எம்.டி.எஃப் (மரநார்ப் பலகை) துண்டில் 100 மி.மீ வட்டம் வெட்டிப் பாருங்கள். அச்சு திசை மாறுகிற நான்கு இடங்களில், கடிகாரத்தில் 12, 3, 6, 9 மணி இருக்குமிடத்தில், சின்னப் படியோ தட்டையோ இருந்தால் அது பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது வெளிப்படும் ஆட்டம். வட்டம் 45 டிகிரிச் சாய்வில் முட்டை வடிவமாக இருந்தால், இரண்டு அச்சும் மூலைமட்டத்தில் இல்லை என்று அர்த்தம். இரண்டு ஸ்க்ரூ கேன்ட்ரியில் ஒரு பக்க மோட்டார் ஸ்டெப் விட்டால், அதாவது சொன்ன அளவு சுழலாமல் போனால், இது நேரும். வட்டம் அழகாக இருந்து அளவு மட்டும் தவறினால் ஸ்டெப் கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், எட்டு மைக்ரோஸ்டெப் என்றால் 1600 பல்ஸ், 5 மி.மீ லீடுக்கு வகுத்தால் மில்லிமீட்டருக்கு 320. இந்த எண் தவறினால் பிழை நீளத்தோடு வளரும்: 100க்கு 1 மி.மீ தவறினால் 200க்கு 2 மி.மீ. பேக்லாஷ் அப்படி இல்லை, 10 மி.மீ வெட்டினாலும் 500 வெட்டினாலும் அதே அளவுதான். வேலை முடிந்து மெஷின் பழைய பூஜ்ஜியத்துக்குத் திரும்பாமல் தள்ளி நின்றால் ஸ்டெப் போயிருக்கிறது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு மென்பொருளில் எண்ணை மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 320ஐ 321.7 ஆக்கி ஒரு வேலையில் அளவு சரியாக வரும், அடுத்த வேலையில் இன்னொரு இடத்தில் இடிக்கும்.

மெஷினை ஓட்டும் மென்பொருள்களில் மாக்3ல் பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி உண்டு, ஜி.ஆர்.பி.எல்லில் அது கிடையாது. அதற்காகவே மாக்3க்கு மாறலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். திசை மாறும்போது கூடுதலாகச் சில பல்ஸ் அனுப்புவது மட்டும்தான் மென்பொருளால் முடியும். வெட்டும் பிட் மரத்தைக் கடிக்கும்போது, ஆட்டம் உள்ள அச்சை அந்த விசையே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். பிட்டின் பல் சுழலும் திசையிலேயே மரம் நகரும் கிளைம்ப் கட்டில் இது இன்னும் மோசம். அதை எந்த எண்ணாலும் பிடிக்க முடியாது, பேரிங்கால்தான் பிடிக்க முடியும்.

சரி, கப்ளிங். செட்டோடு வருவது சுருள் வெட்டுப் போட்ட அலுமினியத் துண்டு, ஒரு பக்கம் 8 மி.மீ, மறுபக்கம் 10 மி.மீ துளை. மோட்டார் திசை மாற்றும்போது அந்தச் சுருள் முறுக்கிக்கொண்டு பிறகுதான் ஸ்க்ரூவைச் சுழற்றும். பி.கே.12ல் ஆட்டம் இருந்தால் இன்னொன்றும் சேரும்: ஸ்க்ரூ முன்னும் பின்னும் போவதைச் சுருள் ஸ்பிரிங் மாதிரி உள்வாங்கி, அந்தத் தள்ளலை மோட்டாரின் பேரிங்குக்கே கடத்தும். மோட்டார் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அதோடு, தண்டைப் பிடிப்பது இரண்டு கிரப் ஸ்க்ரூ மட்டும். வழுவழுப்பான உருண்டைத் தண்டில் அது நாளாக ஆக நழுவும். நழுவுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மோட்டார் தண்டு, கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் மார்க்கரில் ஒரு நேர்கோடு போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை முடிந்ததும் கோடு உடைந்திருந்தால் நழுவியிருக்கிறது.

நான் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் வகை டிஸ்க் கப்ளிங் வாங்கிப் போட்டேன். விலை கூடுதல். பட்ஜெட் இடிக்கிறது என்றால் நடுவில் ரப்பர் மாதிரிப் பூ வைத்த ஜா கப்ளிங், அதுவும் கவ்வும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். பூ தேயும்போது ஆட்டம் வரும், ஆனால் பூ மட்டும் மாற்றினால் போதும்.

நட் பிராக்கெட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை, முகங்கள் சரியான கோணத்தில் இருந்தன. ஆனால் அதைப் பூட்டும் வரிசை முக்கியம். வண்டி ஓடும் ரயிலுக்கு ஸ்க்ரூ இணையாக இல்லாவிட்டால் நடுவில் வண்டி லேசாக ஓடும், பிளாக்கை நெருங்க நெருங்க மோட்டார் முனகத் தொடங்கும், ஒரு இடத்தில் ஸ்டெப் விட்டு நிற்கும். நிறையப் பேர் அப்போது மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டின் கரண்டை ஏற்றுகிறார்கள். ஏற்ற வேண்டாம். எல்லா போல்ட்டையும் கை இறுக்கத்தில் விடுங்கள். வண்டியைக் கையால் பி.கே.12 பக்கம் கொண்டுவந்து, அங்கே பிளாக்கின் போல்ட்டை இறுக்குங்கள். மறுமுனைக்குக் கொண்டுபோய் பி.எஃப்.12ஐ இறுக்குங்கள். பிறகுதான் நட் பிராக்கெட். மோட்டாரைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூவை விரலால் சுழற்றினால் முனைக்கு முனை ஒரே கனம் தெரிய வேண்டும். பிராக்கெட்டுக்கும் வண்டிக்கும் இடையே இடைவெளி இருந்தால் போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள், மெல்லிய ஷிம் தகடு வையுங்கள்.

ரயில் இந்தச் செட்டில் வராது. நான் எஸ்.பி.ஆர்.20 உருளை ரயில் தனியாக வாங்கினேன். மெஷினிங் செய்யாத வெல்டிங் ஃபிரேமில் அது கொஞ்சம் கோணலைப் பொறுத்துக்கொள்ளும், எச்.ஜி.ஆர் சதுர ரயில் பொறுக்காது. அந்த உருளை ரயிலில் ஓடும் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருகி ஆட்டத்தைக் குறைக்கலாம்.

இசட் அச்சுக்கு இதே 1605ஐப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பால் ஸ்க்ரூ தானாகப் பிடித்து நிற்காது. கரண்ட் போனால் மோட்டார் விட்டுவிடும், ஸ்பிண்டிலின் எடை நட்டைச் சுழற்றிக்கொண்டு இறங்கும். சுற்றிக்கொண்டிருக்கும் பிட், பாதி முடிந்த தேக்குப் பலகையில் இறங்கினால் பலகையும் போச்சு, பிட்டும் போச்சு. எங்கள் பக்கம் கரண்ட் சொல்லாமல் போகும். அதனால் இசட்டுக்கு பிரேக் உள்ள ஸ்டெப்பர் போட்டிருக்கிறேன். கரண்ட் போன நொடியில் பிரேக் கவ்விக்கொள்கிறது. இது செட்டின் குறை இல்லை, பால் ஸ்க்ரூவின் இயல்பு. ஆனால் விற்கிறவர்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பராமரிப்பில் எதிரி எம்.டி.எஃப் தூள். மாவு மாதிரிப் பறந்து கிரீஸில் ஒட்டி, நட்டின் ஓரத்தில் களிம்பாகத் திரள்கிறது. நட்டின் இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் துடைப்பான் ஓரளவுதான் தடுக்கும். சனிக்கிழமை மாலை பிரஷ்ஷால் துடைத்து, லித்தியம் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, வண்டியை முனைக்கு முனை ஓட்டிவிடுகிறோம். ஏர் கன்னால் நட்டின் மேல் நேராக ஊதாதீர்கள், தூள் உள்ளேதான் போகும்.

கடைசியாக நீளம். வாங்குவதற்கு முன் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளமான ஸ்க்ரூ ஒரு வேகத்துக்கு மேல் கயிறு போல வீச ஆரம்பிக்கும், மெஷின் முழுக்க அதிரும். தாங்கிகளுக்கு இடையே உள்ள நீளம் இரட்டிப்பானால் அந்த எல்லை நான்கில் ஒன்றாகக் குறையும். 1605ன் மரைப் பள்ளத்தின் அடிவிட்டம் சுமார் 13 மி.மீ. ஒரு முனை பி.கே.12லும் மறுமுனை பி.எஃப்.12லும் இருக்கும்போது, 1200 மி.மீ நீளத்துக்குக் கணக்குப்படி ஏறக்குறைய நிமிடத்துக்கு 1350 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 6.7 மீட்டர். 1500 மி.மீ என்றால் 870 சுற்று, 4.3 மீட்டர். ஸ்க்ரூவில் கொஞ்சம் வளைவு இருந்தால் இதற்கும் கீழே. என் மெஷினின் நீளமான ஸ்க்ரூ 1100 மி.மீ. நிமிடத்துக்கு 4 மீட்டரில் அமைதியாக ஓடுகிறது, 5ஐத் தாண்டினால் மோட்டாரே பலமிழக்கிறது.

எட்டுக்கு நாலு ஷீட் முழுசாக ஏற்ற வேண்டும் என்பவர்கள் நீளவாட்டுக்கு இந்தச் செட்டை வாங்கவே வேண்டாம். 2400 மி.மீட்டரில் இது நிமிடத்துக்கு 2 மீட்டர்கூட ஓடாது. அங்கே பல் போட்ட தண்டில் பல்சக்கரம் ஓடும் ரேக் அண்ட் பினியன்தான் சரி. 1500 வரைக்கும் வேகம் வேண்டும் என்றால் 20 மி.மீ விட்டம், 10 மி.மீ லீட் உள்ள 2010ஐப் பாருங்கள், அதற்கு பி.கே.15 பிளாக், மோட்டாரும் பெரிதாக வேண்டும். மூன்றடி நான்கடிக்குள் கட்டுகிறவர்களுக்கு இந்த 1605 போதும். ஆர்டர் போடும்போதே 7001 பேரிங்கை ஒரு பிளாக்குக்கு இரண்டு வீதம் சேர்த்து வாங்கிவிடுங்கள்.